லீலாமணியின் கடைசி ரீலைப் பற்றித் தம்பிக்கு

உத்தமபாளையம்,
விய வருஷம், ஆவணி 12, புதன்கிழமை.

சிரஞ்சீவி தம்பி வைகுண்டராஜுக்கு, அக்கா சொர்ணலதா மனப்பூர்வமாக ஆசீர்வதித்து எழுதுவது. முல்லையாற்றில் தண்ணீர் குறைவில்லாமல் வருகிறது. நடவு முடிந்துவிட்டது. உன் அத்தானும் நானும் இந்த வரி எழுதுகிற நேரம் வரையில் உயிரோடு இருக்கிறோம். நீயும் சௌபாக்கியவதி பூமாரியும் குழந்தைகளும் பட்டணத்தில் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘க்ஷேமம்’ என்று எழுதாமல் ‘உயிரோடு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீ பதற வேண்டாம். பொய் எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

காரியத்துக்கு வருகிறேன். சினிமாப் படங்களை ஊர் ஊராக அனுப்பிவைக்கும் கம்பெனியில் நீ குமாஸ்தாவாக இருப்பதால், உன்னால் மட்டுமே ஆகக்கூடிய ஓர் உதவி இது. ‘லீலாமணி அல்லது நிலைக்கண்ணாடி மர்மம்’ என்ற படத்துக்கு உண்மையான கடைசி ரீல் எது என்று நன்றாக விசாரித்து, அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் எனக்கு ஒரு தந்தி கொடுக்க வேண்டும். குற்றவாளி ‘புருஷன்’ அல்லது ‘மனைவி’ என்று ஒரே வார்த்தை இருந்தால் போதும். ஏனென்றால் புதன்கிழமை காலை பத்து மணிக்கு உன் அத்தான் என்னை இங்கே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போய் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போகிறார். என்ன பத்திரம் என்று சொல்ல மறுக்கிறார். அப்பா எனக்குச் சீதனமாக எழுதிவைத்த அனுமந்தன்பட்டி நஞ்சையைத் தவிர வேறு எதுவாக இருக்கும்? நான் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா என்பது உன் தந்தியைப் பொறுத்தது. ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு இருபத்திரண்டு வருஷக் குடும்பத்தைத் தீர்மானிக்கிறவள் பைத்தியக்காரியாகத்தான் இருப்பாள் என்று நீ நினைப்பாய். படத்தில் லீலாமணியையும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆவணி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் நம் தங்கை ராஜாத்தியின் மகளுக்குக் காது குத்தினார்கள். நீ வராதது அவளுக்குக் குறைதான். உன் அத்தானும் நானும், வீட்டு வேலைக்கு உதவியாக இருக்கும் பிச்சையம்மாளும் காலையிலேயே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது தெருவில் தமுக்கடித்துக்கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்து நோட்டீஸ் கொடுத்தது. அதை இப்போது என் முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ‘தென்னாட்டின் முதல் மனோதத்துவ பயங்கரச் சித்திரம்! இருதய பலவீனமுள்ளோர் வெளியே நிற்கவும்! பார்த்தவர்கள் முடிவை யாரிடமும், சொந்தத் தாரத்திடமும்கூட, வாய்விட்டுச் சொல்லக் கூடாது!’ இந்தக் கடைசி வாக்கியம்தான், தம்பி, எங்கள் வீட்டைக் கெடுத்தது. நமது ஜனங்கள் சர்க்கார் உத்தரவை மீறுவார்கள், சாதிக் கட்டுப்பாட்டை மீறுவார்கள், அச்சடித்த நோட்டீஸை மட்டும் மீறமாட்டார்கள்.

அன்று இரவே எல்லோருமாக டூரிங் கொட்டகைக்குப் போனோம். கதை இதுதான். மலைமேல் ஒரு பங்களா. சொத்தெல்லாம் லீலாமணி பெயரில். புருஷன் டாக்டர். தினமும் காலையில் அவனே தன் கையால் ஒரு கரண்டி மருந்து ஊற்றிக் கொடுக்கிறான். மருந்தைக் குடித்த பிறகு நிலைக்கண்ணாடியில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி தெரிகிறாள். சுவருக்குள்ளே சலங்கைச் சத்தம் கேட்கிறது. “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, லீலா! உனக்கு மனோவியாதி!” என்கிறான் புருஷன். ஆறாவது ரீலில் ஒரு காகிதத்தை நீட்டி, “இங்கே ஒரு கையெழுத்துப் போடு, கண்ணே” என்கிறான். பன்னிரண்டாவது ரீல் முடிவதற்குள் அந்தப் பெண் எலும்பும் தோலுமாகி, கண்ணாடி முன்னால் கத்தியோடு நிற்கிறாள். கொட்டகையில் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்குப் போடுவார்கள் அல்லவா? விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். முறுக்கு விற்கிறவன்கூட விற்காமல் நின்றான்.

அடுத்த ரீலில் திடீரென்று ஓர் ஆஸ்பத்திரி வந்தது. லீலாமணி கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நரைத்த தாடி வைத்த ஒரு பெரிய டாக்டர் நர்ஸிடம் சொல்கிறார்: “இவள் புருஷன் இறந்து மூன்று வருஷமாகிறது. விஷம் வைத்தவள் இவளே. அன்று முதல் அவன் உயிரோடு இருப்பதாகவும் தன்னை வதைப்பதாகவும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.” லீலாமணி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிந்ததும் வெண்திரை முழுவதும் ஐந்து விரல் நிழல் ஒன்று கறுப்பாக விழுந்தது. ராஜாத்தி வீறிட்டாள். உடனே வெளியே கடைசி பஸ்ஸின் கண்டக்டர், சங்கிலி என்பவன், விசில் ஊதினான். உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி ஜனங்கள் பாதிக் கொட்டகை எழுந்து ஓடியது. காலையில் தம் மண்டிக்கு வாழைத்தார் லோடு வருகிறது என்று உன் அத்தானும் போய்விட்டார். பிச்சையம்மாளும் போனாள். நான் ராஜாத்திக்கு ஒத்தாசையாக நாலு நாள் இருப்பதாக ஏற்பாடு. ஆகவே நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கு அடுத்த ரீலில்தான் உண்மை வெளியாயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ரகசியக் கதவு. கதவைத் திறந்தால் செத்துப்போனதாகச் சொன்ன அந்தப் புருஷன், கல்லுப்போல் உயிரோடு, வெள்ளைச் சேலை கட்டி, ஒரு கையில் சவுரி முடியும் இன்னொரு கையில் சலங்கையுமாக நிற்கிறான்! போலீஸ் வருகிறது. “எல்லாம் சொத்துக்காகத்தான்!” என்று கதறுகிறான். பிறகு ‘வந்தனம்’ என்று போட்டுவிட்டார்கள். எனக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. தான் செத்துவிட்டதாகக் கதை கட்டி, தாடி டாக்டரையும் கையில் போட்டுக்கொண்டு, அவளை ஆஸ்பத்திரியில் அடைத்தவன் புருஷன்தான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ராஜாத்தி கேட்டாள்: “ஏக்கா, ஒனக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் குடுத்த டானிக்கை அத்தானே ஊத்தித் தாராகளா, நீயா ஊத்திக் குடிப்பியா?”

உன் அத்தானே ஊற்றித் தருகிறார், தம்பி. ஒரு வருஷமாக, காலை ஆறு மணிக்கு, அளவுக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. அதை நான் இத்தனை நாளும் பிரியம் என்று நினைத்திருந்தேன்.

சந்தேகம் என்பது விருந்தாளி மாதிரி தனியாக வருவதில்லை என்பதை இந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன். வந்து உட்கார்ந்ததும் இருபத்திரண்டு வருஷத்து நல்ல காரியங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ‘நீ எதற்காக நடந்தாய்?’ என்று குறுக்கு விசாரணை செய்கிறது. நம் அம்மா இறந்தபோது அவர் மூன்று நாள் மண்டியைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, ஏன்? மகளை விருதுநகரில் கொடுத்தபோது, “ஒனக்குத்தான் வீடு வெறிச்சுன்னு இருக்கும்” என்றாரே, வீடு வெறிச்சென்று இருப்பதில் அவருக்கு என்ன லாபம்? கல்லூரியில் தர்க்கம் படித்தவள் நான். இன்டர்மீடியட் பரீட்சையில் தர்க்கத்தில் முதல் வகுப்பு. ஒரு முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணங்களைத் தேடினால் எல்லாமே காரணமாகும் என்று எங்கள் டீச்சரம்மா சொல்வார்கள். தெரிந்துதான் தேடினேன். எல்லாமே காரணமாயிற்று.

வியாழக்கிழமை ஊருக்குத் திரும்பினேன். உன் அத்தான் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மிச்சப் படத்தையும் பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்.”

“முடிவு மனசுல நிக்குதா?”

“நல்லா நிக்குது. வெளிய சொல்லக் கூடாதுன்னு போட்ருக்கு.”

“ஆமாமா, சொல்ல வேணாம். நமக்கெதுக்கு?” என்றவர், கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டே, “ஆனா மனுசன்னா சூதானமா இருக்கணும் சொர்ணம்” என்றார்.

“மனுசியும்தான்” என்றேன் நான்.

அன்று முதல் அவர் நான் சமைத்ததைச் சாப்பிடவில்லை. வயிறு மந்தம் என்றார். ஆனால் வயிறு மந்தமான மனுஷர் என்ன சாப்பிட்டார் என்பதைக் கேள்: வாழைப்பழம், அவித்த முட்டை, வேர்க்கடலை, அவரே சீவிய இளநீர், கமலா ஆரஞ்சு. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தட்டுப்பட்டது, அத்தனையும் தோலோ ஓடோ மூடிய பண்டங்கள். குற்றமுள்ள நெஞ்சு விரதம் இருக்கிறது என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். என் பங்குக்கு, அவர் காலையில் நீட்டிய டானிக்கை, “பல்லு வெளக்கிட்டுக் குடிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டு போய், கொல்லை முருங்கை மரத்தடியில் ஊற்றிவந்தேன். மூன்றாம் நாள் பிச்சையம்மாள் பார்த்துவிட்டாள்.

“ஏன் தாயி, முருங்கைக்கும் ரத்தம் கம்மியா?”

“பூப் பிடிக்கலேன்னு ஊத்துறேன்.”

“அதுக்கு நாலு சாணி உருண்டையப் போட்டாப் பத்தாதா? அய்யா பெரியகொளத்துல இருந்து வாங்கியாந்த மருந்தை!” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அய்யாவும் நீங்க குடுக்குற சுக்குப்பொடியத் தெனம் சட்டைப் பையில கொட்டிக்கிட்டுப் போறாக. வெள்ளாவிக்குப் போட்டா சட்டையெல்லாம் கசாயமா வருதுன்னு வண்ணாத்தி கேக்குறா” என்றாள்.

சனிக்கிழமை அவர் சட்டையை ஆணியில் மாட்டும்போது உள்பையிலிருந்து முத்திரைக் காகிதம் எட்டிப் பார்த்தது. கேட்டேன். “வார புதனுக்கு அடுத்த புதன், ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு” என்றார். எதற்கு என்றேன். “அங்கன வந்து பாத்துக்க” என்றார். தம்பி, ஆறாவது ரீல்! ‘கண்ணே’ ஒன்றுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் விஷயம் பகிரங்கமாயிற்று. மண்டி வாசலில் தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பத்து வாழை வியாபாரி நல்லகண்ணு வந்திருந்தார். பஸ்ஸை எதிரே நிறுத்திவிட்டுக் கண்டக்டர் சங்கிலி வெற்றிலை வாங்க வந்தான். படம் தூக்கப்போகிறார்கள், இனிமேல் நோட்டீஸ் செல்லாது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், எட்டு நாள் அடக்கிவைத்த வாய்கள் எல்லாம் திறந்துகொண்டன. நான் மண்டிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, கதவு அங்கே இருந்தது.

“எங்கூரு பூராம் ஒரே பேச்சுத்தான்” என்றார் நல்லகண்ணு. “புருசங்காரன் பய என்னா வேலை பாத்திருக்கான்! சவுரி முடியும் கையுமா நின்னாம் பாருங்க, எஞ்சம்சாரம் அன்னையிலருந்து எனக்குக் கண்ணாடியக் குடுக்க மாட்டேங்குறா. முகத்தச் செரைக்க முடியல.”

“யோவ், தூங்கிட்டியா?” என்றான் சங்கிலி. “புருசன் செத்து மூணு வருசம் ஆச்சுய்யா. செத்தவன் எங்கிட்டுப் போயி சவுரி வப்பான்? வெசம் வச்சவ அந்தப் பொம்பள. பன்னண்டு நாளாத் தெனம் பாக்குறவன் நான் சொல்றேன்.”

“நீ பஸ்ஸை எடுக்க ஓடுனவன். ஒனக்கு என்னா தெரியும்?”

“தெரியாமத்தான் உத்தமபாளயம் சனம் பூராவும் எஞ்சொல்லைக் கேக்குதா?”

“ரெண்டும் இல்ல” என்று உள்ளேயிருந்து விளக்குமாற்றோடு போனாள் பிச்சையம்மாள். “அவ வெசம் வச்சது நெசம். அவன் செத்ததும் நெசம். செத்தவன் பேயா வந்து சவுரி வச்சிருக்கான். பேய்க்கு முடி மொளைக்குமா? அதான் சவுரி.”

அப்போது உன் அத்தான், ஒரு வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே, மெள்ளச் சொன்னார்: “செத்தவனப் பேசி என்ன? தெனம் சோறு போட்ட கைதான வெசத்தையும் வச்சிருக்கு.”

அதாவது, நான் அவரைப் பார்த்த அதே கண்ணால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! கதவைத் திறந்துகொண்டு மண்டிக்குள்ளேயே போய்விட்டேன். கல்யாணமான நாள் முதல் வியாபார நேரத்தில் அங்கே கால் வைத்தவளில்லை.

“நீங்கல்லாம் கடசி ரீலைப் பாக்காமப் போயிட்டீக” என்றேன். “பஸ்ஸுக்குப் போனவுக பதிமூணு ரீலுதான் பாத்தீக. இருந்தவுக பதினாலும் பாத்தோம். பதினாலாவதுல புருசன் மாட்டிக்கிட்டான். எண்ணத் தெரிஞ்சவுக எண்ணிப் பாருங்க.”

நல்லகண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உன் அத்தானின் கையில் கடலை அப்படியே நின்றது. சங்கிலி மட்டும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான்.

“கடசி ரீலு எங்களுக்குத்தாம்மா. ஒங்களுக்குக் கெடச்சது மிச்சம். வேணும்னா கம்பத்துல கொட்டகை மேனேசர் சங்கரலிங்கத்தையே கேட்டுப்போட்டு வாங்க. டிக்கெட் நாங் கேக்கல.”

திங்கட்கிழமை காலை அதே பஸ்ஸில் போனேன். பகலில் பார்த்தால் டூரிங் கொட்டகை பரிதாபமாக இருக்கிறது. மணல்மேட்டுக்குப் பக்கத்தில் பனியனோடு உட்கார்ந்து சங்கரலிங்கம் படக் கம்பெனிக்கு ரீல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் முதலில் மழுப்பினார். அப்புறம், படம் முடிந்துபோன துணிச்சலில் சொல்லிவிட்டார்.

“என்னத்தச் சொல்ல, தாயி? பாதிக் கூட்டம் பஸ் கூட்டம். முழு டிக்கெட் வாங்கிட்டு முடிவைப் பாக்காமப் போறோம்னு மொதநாளே ரெண்டு பெஞ்சை ஒடச்சுப்புட்டாக. பஸ்ஸ நிறுத்துடான்னா, நேரம் தப்புனா லைசென்ஸ் போயிரும்னு சங்கிலி ஒத்தக்கால்ல நிக்குறான். ரீலை வெரசா ஓட்டிப் பாத்தோம், லீலாமணி பாட்டு அணில் கத்துறாப்புல வருது. அதான் பதினாலைத் தூக்கி முன்னால ஓட்டிட்டு, பதிமூணைப் பின்னால போட்டேன்.”

“அப்ப இருந்து பாத்தவுக?”

“அவுகளுக்கும் ஒரு முடிவு இருந்துச்சுல்ல? பதிமூணுலயும் ஒருத்தன் மாட்டுறான். சனத்துக்கு யாராச்சும் மாட்டணும் தாயி, அம்புட்டுத்தான். யாரு மாட்டுனான்னு எவன் பாக்குறான்?”

“பதினாலு முடியுறப்ப ‘சுபம்’னு வந்திருக்குமே?”

“வரும். ஆப்பரேட்டர் உள்ளங்கைய வச்சு மறைச்சுக்கிருவான்.”

அந்த ஐந்து விரல்! ராஜாத்தி வீறிட்ட அந்த நிழலை வைத்து நான் என்னென்ன தத்துவம் கட்டியிருந்தேன் என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. புருஷனின் அதிகாரம் என்று நினைத்திருந்தேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவனின் கையாம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்தேன். ரீலை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் தலைகீழ். பதின்மூன்றில் புருஷன் சவுரியோடு பிடிபடுவதெல்லாம் லீலாமணியின் பிரமை. பதினான்கில் தெரிவதுதான் உண்மை. விஷம் வைத்தவள் அவளே. பாதிக் கொட்டகைக்குக் கிடைத்த சரியான முடிவு உன் அத்தானுக்கும் கிடைத்திருக்கிறது. படித்தவளாகிய எனக்குக் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷர் ஒழிந்தால் தேவலை என்று நான் நினைத்ததே இல்லையா? கணக்காக இரண்டு தடவை நினைத்திருக்கிறேன். ஒரு தடவை, என் கல்லூரிப் புத்தகங்களைக் கிழித்து ஏலக்காய்ப் பொட்டலம் மடித்தபோது. இன்னொரு தடவை, குச்சனூர்க் கோயிலில் நான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கையில், நினைவில்லாமல் என்னை விட்டுவிட்டு அவர் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது. சனீசுவரன் சந்நிதியிலேயே நினைத்தேன். லீலாமணிக்கும் இப்படி ஏதோ பொட்டலத்தில்தானே ஆரம்பித்திருக்கும்?

ஆனால் தம்பி, இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்ததில் எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. பதின்மூன்று, பதினான்கு என்கிற எண்கள் அந்தத் தகரப் பெட்டிகளின் மேல் சாக்குக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. என் கண்ணால் பார்த்தேன். சாக்குக்கட்டியால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவனும் ஒரு புருஷனாகத்தான் இருப்பான். அனுப்பிய கம்பெனியிலும் எல்லோரும் புருஷர்கள். நீயும் ஒருவன். கோபித்துக்கொள்ளாதே. ஆகவே பெட்டியை நம்பாமல், படம் பிடித்தவர்களையே கேட்டு, மேலே சொன்னபடி தந்தி கொடு. ‘புருஷன்’ என்று வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். ‘மனைவி’ என்று வந்தால், என்னை அப்படி நினைக்கிறவருக்கு நிலம் எதற்கு என்று அப்போதும் போடமாட்டேன். இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் ஒரு வீட்டில் இரண்டு பேர் இப்படி இருக்க முடியாது. அவருக்கு வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கிறது. அதைப் பார்க்கவும் எனக்குச் சகிக்கவில்லை.

குழந்தைகளை வெயிலில் விடாதே. பூமாரிக்கு என் அன்பைச் சொல். அவள் தருகிற காப்பியைச் சந்தேகமில்லாமல் குடி. அவள் ஒரு வாய் குடித்த பிறகு குடித்தால் அன்பு இன்னும் பெருகும். எல்லாம் வல்ல கடவுள் உங்கள் இருவரையும் ஒருவர் கையால் ஒருவர் உண்டு, நீண்ட ஆயுளோடு வாழவைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் பிரியமும், வேறு வழியில்லாததால் நம்பிக்கையும் உள்ள அக்கா,
சொர்ணலதா.

பி.கு. வியாழக்கிழமை சாயங்காலம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. தந்தி வேண்டாம். யாரையும் விசாரிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பூமாரியிடம் காட்டாமல் கிழித்துப் போடு. காலையில், தபாலுக்குக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை நேராகக் கேட்டுப் பார்ப்போம் என்று, நாலாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“அந்தப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? இப்பச் சொல்லணும். அங்கன வந்து பாக்க மாட்டேன்.”

உரித்த தோலை மறுபடியும் பழத்தின்மேல் மூடினார். “மண்டியும் இந்த வீடும்” என்றார். “ஒம் பேருக்கு.”

“எம் பேருக்கா? எதுக்கு?”

“எல்லாம் ஒம் பேருல இருந்துச்சுன்னா...” என்று இழுத்தார். “என்னைய வச்சிருக்கிறதுல ஒனக்கு என்ன நட்டம், சொர்ணம்? பதியிற வரைக்கும் தோலுள்ளதாத் தின்னு ஓட்டிருவோம்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. அவருக்கும் அப்படியே. சாக்குக்கட்டியும் ஐந்து விரலும் பதின்மூன்றும் பதினான்கும் எல்லாம் சொல்லி முடித்தேன். வாய் பொத்திக் கேட்டார். பத்து நாளாக இந்த மனுஷரையா சந்தேகப்பட்டோம் என்று மனசு உருகிப்போய், “அப்படின்னா அனுமந்தன்பட்டி நஞ்சையை நானும் ஒங்க பேருக்கு எழுதித் தாரேன்” என்றேன். வேண்டாம் என்றார். விடவில்லை. இரண்டு பத்திரமும் அதே புதன்கிழமை பதிவாகிறது. பத்திரம் எழுதுகிறவர் இப்படி ஒரு தம்பதியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றாராம். உன் அத்தான் மத்தியானம் என் கையால் ரசம் சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மண்டிக்குப் போயிருக்கிறார்.

உறையை ஒட்டப்போகையில் ஒன்று தோன்றுகிறது. புதன்கிழமைக்குப் பிறகு அவர் சொத்து முழுவதும் என் பெயரில் இருக்கும். என் சொத்து முழுவதும் அவர் பெயரில் இருக்கும். அதற்கு மேல் அவரவர் சொத்து அவரவருக்குத் திரும்பி வரவேண்டுமானால், தர்க்கப்படி, ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இது எனக்கு இப்போதுதான் தோன்றியது. வியாபாரியாகிய அவருக்கு எப்போது தோன்றியிருக்கும்? தந்தி கொடு. அவசரத் தந்தியாகவே கொடு. மண்டியிலிருந்து வந்துவிட்டார் போலிருக்கிறது, அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. “சொர்ணம், சாப்பிட வா” என்று கூப்பிடுகிறார். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை.